ஹெதர் பூத்திருக்கும்போது மோரோன் மலை ஏறுவது எப்படி?

கேள்வி இது: "ஆகஸ்ட் கடைசி வாரம் ஸ்காட்லாந்து போகிறோம். ஊதாப் பூ மூடிய மலை ஒன்றில், கூட்டமில்லாமல், நிதானமாக ஏறி இறங்க ஆசை. கயிறு கட்டி ஏறும் பழக்கமெல்லாம் இல்லை, ஆனால் நன்றாக நடப்போம். எந்த மலை, எவ்வளவு நேரம் ஆகும், எதில் கவனமாக இருக்க வேண்டும்?"

நீங்கள் சொல்லும் ஊதாப் பூச்செடியின் பெயர் ஹெதர். அதற்கு ஸ்காட்லாந்தின் கிழக்கு ஹைலாண்ட்ஸ் மலைப்பகுதியில், பிரேமார் ஊருக்குத் தென்மேற்கே நிற்கும் மோரோன் மலைக்குப் போங்கள். உயரம் 859 மீட்டர். ஊரே ஏறத்தாழ 340 மீட்டரில் இருப்பதால் நீங்கள் ஏற வேண்டியது 520 மீட்டர்தான். கெய்லிக் மொழியில் அந்தப் பெயருக்குப் பெரிய மூக்கு என்று பொருள். ஊரிலிருந்து பார்த்தால் மழுங்கிய மூக்குத்தண்டு போலத்தான் தெரியும். கையால் பிடித்து ஏறும் பாறை ஒன்றுகூட வழியில் கிடையாது.

கூட்டம் குறைவாக இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு, அதாவது 914 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளை மன்றோ என்பார்கள். ஹியூ மன்றோ 1891-ல் வெளியிட்ட பட்டியலிலிருந்து வந்த பெயர் அது. இப்போது பட்டியலில் 282 மலைகள் உள்ளன. அத்தனையையும் ஏறி முடிப்பதென்று கிளம்பியவர்கள் ஏராளம். மோரோன் அந்தக் கோட்டுக்கு 55 மீட்டர் கீழே நின்றுவிட்டது. 2500 அடிக்கும் 3000 அடிக்கும் இடைப்பட்ட கார்பெட் என்ற வகையில் அது சேரும். பட்டியல்காரர்கள் பக்கத்து மன்றோக்களுக்குப் போய்விடுவார்கள், இந்த மலை உங்களுக்குக் கிடைக்கும். வேறு ஊரில் தங்கினாலும் இதே வழியில் தேடலாம்: கார்பெட் வகை மலையாக, ரயில் நிலையத்திலிருந்து தள்ளி இருப்பதாகப் பாருங்கள். பிட்லாக்ரி ஊரின் மேலே இருக்கும் பென் விராக்கியும் 841 மீட்டர் உயரமுள்ள அழகான ஹெதர் மலைதான். ஆனால் ரயிலில் வந்து இறங்கியதும் ஏறிவிடலாம் என்பதால் அங்கே ஆள் நடமாட்டம் அதிகம்.

இனி ஹெதரைப் பற்றி. மலையை ஊதாவாக்குவது பெரும்பாலும் ஒரே செடி. கல்லூனா வல்காரிஸ் என்பது தாவரவியல் பெயர், உள்ளூரில் லிங் என்றும் சொல்வார்கள். ஜூலை கடைசியில் அரும்பு விட்டு, ஆகஸ்ட் நடுவில் உச்சத்துக்கு வந்து, செப்டம்பர் பாதிக்குள் துருப்பிடித்த நிறத்துக்கு மாறிவிடும். ஆகஸ்ட் கடைசி வாரம் நல்ல தேர்வு. ஜூன் மாதம் வந்தால் மலை முழுக்கப் பழுப்பாக இருக்கும். படத்தில் பார்த்தது எங்கே என்று தேட வேண்டியிருக்கும். குறிஞ்சியோடு ஒப்பிட்டு, எந்த ஆண்டு பூக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். இது ஆண்டுதோறும் பூப்பது, குறிஞ்சிக்கு உறவும் இல்லை. உறவு வேண்டுமானால் நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடெண்ட்ரான் மரத்தைச் சொல்லலாம். இரண்டும் எரிகேசியே குடும்பம், இரண்டும் புளிப்பு மண்ணை விரும்புபவை.

உச்சி ஊதாவாக இருக்காது என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அடர்ந்த ஹெதர் மலையின் கீழ்ப்பாதியிலும் நடுப்பாதியிலும்தான். மேலே போகப் போகச் செடி குட்டையாகி, தரையோடு ஒட்டி, பிறகு பாசியும் லைக்கனும் சரளைக்கல்லும் மட்டுமே மிஞ்சும். காற்று அங்கே எதையும் நிமிர விடாது. பூவுக்காக வருபவர்கள் அவசரமாக உச்சிக்கு ஓட வேண்டாம். காடு முடிந்து ஹெதர் தொடங்கும் இடத்திலிருந்து முதல் 200 மீட்டர் ஏற்றத்தில்தான் நீங்கள் தேடி வந்தது இருக்கிறது. அங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் அடித்தால் தேன் வாசனை எழும்பும். தேனீ வளர்ப்பவர்கள் பூக்காலத்துக்கென்றே பெட்டிகளை ஹெதர் நிலங்களுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். அந்தத் தேன் கூழ்போல இறுகி நிற்கும், கலக்கினால்தான் இளகும்.

இந்த மலையில் சிரமம் என்று ஒன்று வந்தால் அது பெரும்பாலும் உயரத்தால் வருவதில்லை, பாதையை விட்டு விலகுவதால் வருகிறது. கீழிருந்து பார்க்கும்போது ஹெதர் மெத்தை விரித்தாற்போலத் தெரியும். "பாதை வளைந்து போகிறது, நேராக வெட்டிப் போகலாமே" என்று தோன்றும். கால் வைத்தால்தான் அது மெத்தை அல்ல, பரண் என்று புரியும். நீங்கள் பார்ப்பது செடியின் மேல்தளம். தரை அதற்கு ஒரு முழம் கீழே இருக்கிறது. இடையில் கம்பிபோல முறுக்கிய தண்டுகள், அவற்றுக்கடியில் கற்கள், கற்களுக்கு நடுவே குழிகள். ஒவ்வொரு அடிக்கும் முழங்காலைத் தூக்கி வைக்க வேண்டும், வைத்த கால் எங்கே போய் நிற்கும் என்றும் தெரியாது. கணுக்கால் பிசகுவது இங்கேதான். பாதையில் கால் மணி நேரத்தில் முடிகிற ஒரு கிலோமீட்டர், முழங்கால் உயர ஹெதரில் முக்கால் மணி ஆகும், தெம்பும் போய்விடும். மழை பெய்திருந்தால் தண்டுகள் வழுக்கும், பத்து நிமிடத்தில் பேண்ட் தொடைவரை நனைந்துவிடும்.

ஹெதர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. அதன் வயதைப் பொறுத்து நடை மாறும். ஐந்தாறு வயதுவரை குட்டையாக, காலுக்கு இதமாக இருக்கும். அதன்பின் 15 வயதுவரை நெருக்கமாகக் கிளைத்து வளரும். 25 வயது தாண்டியதும் செடி நடுவில் பிளந்து கிளைகள் தரையில் சாய்ந்துவிடும், நடக்க மிக மோசமான நிலை அதுதான். கிழக்கு ஹைலாண்ட்ஸ் சரிவுகள் பல ஒட்டுப் போட்ட துணிபோலத் தெரிவதைப் பார்ப்பீர்கள். கிரவுஸ் என்ற காட்டுக்கோழி வகைப் பறவைக்கு இளந்தளிர் கிடைக்க, கிழட்டு ஹெதரைக் கீற்றுக் கீற்றாக எரித்து விடுவார்கள். பறவைக்கு உண்ணத் தளிரும் வேண்டும், ஒளிய உயர்ந்த செடியும் வேண்டும்; அதனால்தான் மொத்தமாக எரிக்காமல் துண்டு துண்டாக எரிக்கிறார்கள். புதிதாக எரித்த கீற்றில் நடக்க எளிது என்று இறங்காதீர்கள். கருகிய தண்டுகள் ஆணிபோல நிற்கும், துணியைக் கிழித்துக் கணுக்காலைக் குத்தும்.

செடியைப் பார்த்தே அடியில் ஈரமா உலர்ந்த தரையா என்று சொல்லிவிடலாம். மலையில் இதைவிடப் பயனுள்ள அறிவு குறைவு. சிறு மணிகள் தொங்குவதுபோல, கருஞ்சிவப்பு கலந்த ஊதாவில், மற்ற ஹெதருக்கு முன்பே பூப்பது பெல் ஹெதர். அது நிற்கும் இடம் உலர்ந்தது, கல் கலந்தது, நம்பிக் கால் வைக்கலாம். வெளிறிய இளஞ்சிவப்பு மணிகள் தண்டின் உச்சியில் மட்டும் கொத்தாக, இலைகள் நான்கு நான்காகச் சிலுவைபோல இருந்தால் அது கிராஸ்-லீவ்டு ஹீத். அதன் அடியில் ஈரம் நிச்சயம். வெண்பஞ்சு ஆடும் பஞ்சுப்புல் தெரிந்தால் இன்னும் ஈரம். கண்ணைப் பறிக்கும் பச்சையிலோ செம்பழுப்பிலோ தலையணைபோல உப்பியிருக்கும் ஸ்பேக்னம் பாசி கண்டால் அதன்மேல் மிதிக்கவே கூடாது. அது தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைத்திருக்கும். அடியில் பீட், அதாவது செடிகள் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கருமண். கால் புதைந்தால் ஷூவை அங்கேயே விட்டுவிட்டு வரும்படி ஆகலாம். மோரோன் பாதையில் இப்படிப்பட்ட இடம் மிகக் குறைவு. அதனால்தான் முதல் மலையாக இதைச் சொல்கிறேன்.

ஏமாற்றும் இன்னொன்று மான் தடம். செம்மான்கள் ஒரே வழியில் நடந்து நடந்து, ஒற்றையடிப் பாதைபோலவே தெளிவான தடம் போட்டிருக்கும். மனிதப் பாதை எப்படியும் மேலே ஏறும். மான் தடம் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் ஓடும், கொஞ்ச தூரத்தில் ஹெதருக்குள் கரைந்துவிடும். பாதை திடீரென ஒரு சாண் அகலத்துக்குக் குறுகி, தேய்ந்த கல்லோ ஷூ தடமோ தெரியாமல் போனால் மான் வழியில் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். முன்னே தேடாமல் கடைசியாகத் தெளிவாக இருந்த இடத்துக்குத் திரும்புங்கள்.

வழி இதுதான். பிரேமார் ஊர் மையத்திலிருந்து சேப்பல் பிரே என்ற தெருவில் மேற்கே ஏறுங்கள். தெரு முடியும் இடத்தில் சிறிய வாத்துக்குளமும் அதை ஒட்டிக் கார் நிறுத்தும் இடமும் இருக்கின்றன. கழிப்பறை ஊர் மையத்தில்தான் உண்டு, அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். குளத்திலிருந்து பாதை மோரோன் பர்க்வுட் காட்டுக்குள் நுழைகிறது. பர்ச் மரங்களும், அவற்றின் அடியில் இடுப்பளவு ஜூனிப்பர் புதர்களும் நிறைந்த காடு. ஸ்காட்லாந்தின் பெரும்பாலான மலைச்சரிவுகளில் மண் கடும் புளிப்பு. இங்கே சுண்ணாம்புச்சத்துள்ள பாறை கலந்திருப்பதால் அரிய மலைப் பூச்செடிகள் பல வளர்கின்றன, காடும் பாதுகாக்கப்பட்ட பகுதி. பாதையைவிட்டு இறங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொஞ்சம் ஏறியதும் டீசைட் ஃபீல்ட் கிளப் நிறுவிய காட்சிமேடை ஒன்று வரும். எதிரே எந்த மலை எது என்று அதில் குறித்திருக்கும். டீ ஆற்றுப் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் கெய்ர்ன்கார்ம் மலைகளும் அங்கிருந்தே தெரியும். மூட்டுவலி உள்ளவர்களோ சிறு குழந்தைகளோ உடன் வந்தால் அவர்களுக்கு இதுவரை போதும். திரும்பிவிடலாம், வந்ததற்குக் குறையில்லை.

அதற்கு மேல் பாதை தென்மேற்காகத் திரும்பி ஹெதருக்குள் ஏறத் தொடங்கும். வாயிற்கதவு வந்தால் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லுங்கள்: மூடியிருந்தால் மூடி, திறந்திருந்தால் திறந்தபடி. இங்கிருந்துதான் உண்மையான ஏற்றம். செங்குத்து இல்லை, ஆனால் விடாமல் ஏறும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். நின்று நின்று ஓடுவதைவிட, நிற்காமல் மெதுவாகப் போனால் முன்னதாகச் சேர்வீர்கள். மேலே போகப் போக ஹெதர் குட்டையாகி, பாதை கல்லாகும். சரிவு தணியும் இடத்தில் வரிசையாக ஐந்து கற்குவியல்கள் நிற்கும். பலர் இதையே உச்சி என்று நினைத்துவிடுகிறார்கள், உச்சி இன்னும் தள்ளி இருக்கிறது. சிரமமான பகுதி முடிந்துவிட்டது என்பது மட்டும் உண்மை. மிச்சம் அகன்ற, கல் பரந்த முதுகு.

உச்சியில் நில அளவைத் தூணும், தொலைத்தொடர்புக் கோபுரமும், அதன் சிறு கட்டடமும் நிற்கின்றன. கோபுரம் அழகைக் கெடுக்கிறது என்று குறைபடுபவர்கள் உண்டு, ஆனால் மூடுபனியில் அதன் சேவைப்பாதை, அதாவது கோபுரத்துக்கு வண்டி வந்துபோகும் வழி, எவ்வளவு உதவும் என்பதைக் கீழே சொல்கிறேன். தெளிந்த நாளில் வடக்கிலும் வடமேற்கிலும் பிரிட்டனின் இரண்டாவது உயர்ந்த மலையான பென் மக்டூயி, 1309 மீட்டர். அதன் மேற்கே பிரேரியாக், கெய்ர்ன் டூல். கிழக்கே பென் ஆவன். எல்லாம் கூர்முனை இல்லாத, தட்டையான பெரிய முதுகுகள். உச்சியில் சரளை நிறத்திலேயே டார்மிகன் என்ற பறவை உட்கார்ந்திருக்கும். அசையும்வரை தெரியாது, குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும்.

இறங்க இரண்டு வழி. வந்த வழியே திரும்பினால் மொத்தம் சுமார் 7 கிலோமீட்டர். வட்டமாகப் போக விரும்பினால் கோபுரத்தின் சேவைப்பாதையைப் பிடியுங்கள். அது முதலில் தெற்குப் பக்கமாக இறங்கி, பிறகு கிழக்கே திரும்பி, கிளென் க்ளூனி பள்ளத்தாக்கில் ஆற்றின் மேற்குக் கரையில் போகும் சிறு சாலையில் சேரும். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பி, கோல்ஃப் மைதானத்தை ஒட்டி நடந்தால் பிரேமார். மொத்தம் சுமார் 11 கிலோமீட்டர். தூரம் கூடினாலும் வழி தேடாமல் நடக்கலாம். ஆனால் அந்தப் பாதையில் உதிரிச் சரளை உண்டு, முழங்கால் பலவீனமானவர்களுக்கு ஊன்றுகோல் இரண்டு தேவை. இறங்கும்போது அடியைச் சிறிதாக்கி, முழங்காலைச் சற்று மடக்கியே வைத்திருங்கள். குதிகாலை நீட்டி ஊன்றினால்தான் சரளையில் வழுக்கும்.

நேரக் கணக்குக்கு 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் போதும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம். மோரோனுக்கு ஏறும் தூரம் சுமார் 3.5 கிலோமீட்டர், அதற்கு 42 நிமிடம். 520 மீட்டர் ஏற்றத்துக்கு 52 நிமிடம். ஆக ஒன்றரை மணி. மலை நடந்து பழகாதவர்கள் இதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள், இரண்டேகால் மணி என்று வையுங்கள். வட்டப் பாதையில் இறங்க இன்னும் இரண்டு மணி. ஓய்வு, சாப்பாடு, பூப்பார்ப்பது எல்லாம் சேர்த்து ஐந்தரை மணி நேரம் ஒதுக்கிவிட்டால் பதற்றம் இருக்காது. ஆகஸ்ட் கடைசியில் சூரியன் இரவு 8 மணிக்குப் பிறகே மறையும் என்பதால் காலை 10 மணிக்குக் கிளம்பினாலும் போதும். இதே மலையை டிசம்பரில் ஏறுபவருக்கு மாலை மூன்றரைக்கே இருட்டிவிடும். பிரேமார் சாதாரணக் குளிரூர் இல்லை: பிரிட்டனில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, −27.2 டிகிரி, இங்கே 1895-லும் 1982-லும் பதிவானது. பனிக்காலத்தில் ஐஸ் கோடரியும், ஷூவின் அடியில் மாட்டும் இரும்பு முள்ளான கிராம்பானும் பயன்படுத்தத் தெரியாதவர்கள் காட்சிமேடைக்கு மேல் போக வேண்டாம்.

ஆகஸ்டிலும் குளிரைக் குறைத்து எடைபோடாதீர்கள். 1000 மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஊரில் 15 டிகிரி என்றால் உச்சியில் 11 அல்லது 12. இதில் ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று சேர்ந்தால் உடம்புக்கு அது 7 டிகிரி. வியர்த்த சட்டையோடு அந்தக் காற்றில் உட்கார்ந்து சாப்பிட்டால் கால் மணிக்குள் கை விரைத்துவிடும். எனவே மலை முன்னறிவிப்பில் மழையைவிடக் காற்றை முதலில் பாருங்கள். ஊருக்கான முன்னறிவிப்பு போதாது. பிரிட்டனின் வானிலை மையமான மெட் ஆபீஸின் மலைப்பகுதி முன்னறிவிப்போ, மவுன்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸின் அறிக்கையோ உச்சிக்கான காற்றையும் மேகத்தின் அடிமட்டத்தையும் தனியாகச் சொல்லும். உச்சியில் மணிக்கு 35 மைலுக்கு மேல் காற்று என்றால் புதியவர்கள் காட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மேகத்தின் அடிமட்டம் 700 மீட்டர் என்று போட்டிருந்தால் உச்சியில் ஒன்றும் தெரியாது. ஹெதரை மட்டும் பார்த்துவிட்டு வரலாம்.

உடையில் ஒரே தடை பருத்தி. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் காயவே காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது பாலியஸ்டர் சட்டை, மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றும் நீரும் புகாத மழைக்கோட்டு, மழைப் பேண்ட். ஏறும்போது வியர்ப்பதற்கு முன்பே ஃப்ளீஸைக் கழற்றுங்கள், உச்சிக்குப் பத்து நிமிடம் முன்பே மாட்டுங்கள். குளிர் எடுத்தபின் மாட்டினால் சூடு திரும்ப நேரமாகும். ஆகஸ்ட் என்றாலும் கம்பளித் தொப்பியும் கையுறையும் பையில் இருக்கட்டும். கணுக்காலை மூடும், ஆழமான பல் உள்ள ஷூ வேண்டும். புதிதாக வாங்கினால் கிளம்புவதற்கு முன் இரண்டு வாரமாவது தெருவில் போட்டு நடந்துவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், ஊரிலேயே நிரப்புங்கள். ஓடைகளுக்கு மேலே மான் கூட்டம் மேயும், அதை நம்பிக் குடிக்க வேண்டாம். சாப்பாட்டோடு கடலைமிட்டாய் போன்ற உலர்ந்த, இனிப்பான ஏதாவது கூடுதலாக வையுங்கள். விசிலும் தலைவிளக்கும் ஆளுக்கு ஒன்று.

பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் லேண்ட்ரேஞ்சர் 43-ஆம் எண் வரைபடத்தில் இந்த மலை முழுதும் வரும். கைப்பேசி வரைபடம் வசதிதான், ஆனால் குளிரில் மின்கலம் வேகமாக இறங்கும், மழையில் தொடுதிரை விரலுக்குக் கேட்காது. தாளும் திசைகாட்டியும் கூடவே இருக்கட்டும்.

உச்சியில் மேகம் இறங்கினால் என்ன செய்வது என்பதை ஏறும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். மேல்முதுகு அகலமானது, கல்லும் பாசியும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி. பாதை அங்கே மங்கிவிடும். வழக்கமான தவறு, கோபுரத்தைச் சுற்றி வந்து படமெடுத்துவிட்டு, வந்த திசை என்று நினைத்து வேறு திசையில் இறங்குவது. மேற்கிலோ தென்மேற்கிலோ இறங்கினால் ஊரே இல்லாத நீண்ட வெளிக்குள் போய்விடுவீர்கள். ஊர் இருப்பது உச்சிக்கு வடகிழக்கே. திசைகாட்டியில் அதைப் பார்த்து ஐந்து கற்குவியலைக் கண்டுபிடிக்க முடிந்தால் வந்த வழி கிடைத்துவிடும். சந்தேகம் இருந்தால் அந்தச் சேவைப்பாதையில் இறங்குங்கள். வண்டி போகும் அகலம், மூடுபனியிலும் தவறாது, எப்படியும் சாலையில் கொண்டுவிடும். ஊருக்கு நடை கூடும், அவ்வளவுதான். நடக்க முடியாதபடி அடிபட்டால் 999 என்ற அவசர எண்ணை அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ என்று கேட்க வேண்டும், ஆம்புலன்ஸ் என்று கேட்கக் கூடாது. மலை மீட்புக் குழுவை அனுப்புவது அங்கே போலீஸ்தான். பேச்சுக்குச் சிக்னல் போதாத இடத்தில் குறுஞ்செய்தி போகலாம். அதற்கு முன்கூட்டியே ரெஜிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும். பிரேமார் போய்ச் சேருவதற்கு முன்பே செய்துவிடுங்கள். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

அனுமதிச் சீட்டு, கட்டணம் எதுவும் கிடையாது. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்பாக நடந்துகொள்ளும் எவரும் மலையிலும் தரிசிலும் நடக்க உரிமை தருகிறது. அந்தப் பொறுப்பு என்பதில் பூக்காலத்தில் கவனிக்க வேண்டியவை உண்டு. கிரவுஸ் வேட்டை ஆகஸ்ட் 12-ல் தொடங்குகிறது, ஆண்மான் வேட்டையும் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் 20 வரை சூடுபிடிக்கும். ஹெதர் பூப்பதும் துப்பாக்கி சத்தமும் ஒரே காலம். வாயிற்கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தால் நின்று படித்து, அன்றைக்கு அவர்கள் கேட்கும் வழியில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மான் வேட்டை நடப்பதில்லை என்பது அங்கே வழக்கம், நாள் தேர்வு உங்கள் கையில் என்றால் ஞாயிறு நிம்மதி. நெருப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். பீட் எரிபொருள், மேலே அணைந்ததுபோல் இருந்தாலும் மண்ணுக்கடியில் நாட்கணக்கில் கனன்று வேறிடத்தில் எழும்பும். தேநீர் வேண்டுமென்றால் ஃப்ளாஸ்கில் கொண்டுபோங்கள்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமையை ஒட்டி உங்கள் பயணம் போனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்று பிரேமார் கேதரிங் என்ற ஹைலாண்ட் விளையாட்டு விழா. ஊர் முழுக்க ஆட்கள், அறை கிடைக்காது. அதற்கு முந்தைய வாரமே போய் வந்துவிடுங்கள். கார் இல்லாதவர்களுக்கு அபர்டீனிலிருந்து 201-ஆம் எண் பேருந்து டீ ஆற்றோரமாகவே பிரேமார் வரை வருகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கடைசிப் பேருந்து நேரத்தை ஏறும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றே திரும்புவது இறுக்கமாக இருக்கும், ஒரு இரவு தங்குவது மேல்.

பூச்சிகளில் மிட்ஜ் என்ற பொடிக்கொசு கிழக்கில் குறைவு. கொஞ்சம் காற்று அடித்தாலே பறக்காது. காற்றில்லாத காலையிலும் அந்தியிலும் காட்டுக்குள் நிற்காமல் நடந்தால் தப்பிவிடலாம். அக்கறை எடுக்க வேண்டியது உண்ணி. கசகசா அளவிலிருந்து எள் அளவுவரை இருக்கும். ஹெதர், பிராக்கன் பெரணி, உயர்ந்த புல் இவற்றின் நுனியில் காத்திருந்து உரசும் காலில் ஏறிக்கொள்ளும். சிலவற்றில் லைம் நோய்க்கிருமி இருக்கும். நீளமான பேண்ட், அதைக் காலுறைக்குள் செருகுங்கள். வெளிர் நிறத்தில் இருந்தால் ஊர்வது தெரியும். அறைக்குத் திரும்பியதும் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை பதிந்த இடம், அக்குள், குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம், காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் வலிக்காது, தேடினால்தான் கிடைக்கும். அட்டைக்கு உப்பு வைப்பதுபோல இதற்கு எண்ணெய், தீக்குச்சி, சோப்பு எதையும் வைக்காதீர்கள். அது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக்கூடும். நுனி கூரான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நேராக மேலே இழுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பரவினாலோ காய்ச்சல், உடம்புவலி வந்தாலோ மருத்துவரிடம் போய் ஸ்காட்லாந்தில் உண்ணி கடித்தது என்று சொல்லுங்கள். ஊர் திரும்பியபின் இந்த அறிகுறி வந்தால், கேட்காமலே இதை நீங்களாகச் சொல்ல வேண்டும். இங்குள்ள மருத்துவர் லைம் நோயை முதலில் நினைக்க வாய்ப்பு குறைவு.